வெட்டுவதா, கரண்டு பிடிப்பதா

என் புருஷனின் புரோஸ்டேட் சுரப்பியைப் பற்றிக் கதைக்காத ஆம்பிளை எங்கள் ஊரில் இல்லை. பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுளடியில் கதைத்தார்கள். சந்தையில் அவருடைய பிடவைக் கடை வாசலில் நின்று கதைத்தார்கள். கடைசியில் என் வீட்டு விறாந்தையிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த இஞ்சிக் கோப்பியைக் குடித்துக்கொண்டு கதைத்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். இத்தனைக்கும் எனக்கு வாய் நீளம் என்று பெயர். மீன்காரனிலிருந்து கிராம சேவகர் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் என் காக்கா, என் மூத்த அண்ணன், இருக்கிற சபையில் ஒரு பெண்பிள்ளை போய் நின்று புருஷனுடைய அந்த இடத்து நோயைப் பற்றிக் கதைப்பதா? அந்த வெட்கங்கெட்ட வேலையை எங்கள் ஊரில் எவளும் செய்யமாட்டாள். நானும் திரைச்சேலைக்குப் பின்னால்தான் நின்றேன்.

அந்த வீடு யாருடையது என்று கேளுங்கள். என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியும் கையுமாகப் பெண் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்தால் அந்தக் கிழமையே அடுத்த வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவோம். கல்முனைக்குடியில் கடலுக்குக் கிட்ட வாப்பா எனக்குக் கட்டித்தந்த வீடு இருந்தது. எனக்கு மகள் பிறந்தாள், அவளுக்குப் பின் ஒரு மகன். மகளுக்கென்று அதே வளவில் அத்திவாரம் போட்டு, சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் இரண்டும் அந்தச் சுவரில் ஏறித்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் புருஷன் கடைச் சாமான் எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். நான் குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். சுனாமி என்ற சொல்லே அன்றைக்குப் பின்னேரம்தான் எங்களுக்குத் தெரியும். மகளின் மையித்து மறுநாள் கிடைத்தது. மகன் கிடைக்கவேயில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் சபுர் செய், பொறுத்துக்கொள் என்று சொன்னார்கள். செய்தேன். தகரக் கொட்டிலில் வெந்துகொண்டு சபுர் செய்தேன். பிறகு வயலை நிரப்பிக் கட்டிய குடியேற்றத்தில் எங்களுக்கும் ஒரு வீடு தந்தார்கள். பெரிய மனிதர்கள் வந்து, படம் பிடித்து, என் கையில் கதவுத் திறப்பைத் தந்தபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யாருக்கு இந்த வீடு? எனக்குப் பிறகு எவள் இதில் விளக்கேற்றுவாள்? எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். பெண்ணோ ஆணோ, கறுப்போ சிவப்போ, ஒரு பிள்ளை. அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான், அதை நான் ஒளிக்கவுமில்லை. முப்பத்தைந்து வயதுதான். ஒன்று தங்கி, மூன்றாம் மாதம் கலைந்தது. கலைந்தாலும் தங்கியதே என்று எனக்குச் சந்தோஷம். அவர் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவரும் என் தலையைத் தடவி, அடுத்தது நிற்கும் என்று சொன்னார். சொன்னவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிறுநீர்ப் பிரச்சினை தொடங்கியது. கடையில் ஒரு சாரத்துணியை அளந்து கொடுப்பதற்குள் இரண்டு தரம் பின்பக்கம் போய்வருவாராம். சீனி வருத்தம் என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். இரத்தம் சோதித்து, பிறகு கொழும்புக்கு அனுப்பி, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, கென்சர் என்றார்கள். பரவவில்லை, சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது என்றார்களாம். வழி இரண்டு. சுரப்பியை வெட்டி எடுத்துவிடலாம், அல்லது ஒன்றரை மாதம் கொழும்பில் தங்கி ஒவ்வொரு நாளும் கரண்டு பிடிக்கலாம். கதிர் சிகிச்சையைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். எது வேண்டும் என்று நோயாளியே யோசித்து முடிவு சொல்லட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். நோயாளி வந்து காக்காவிடம் சொன்னார். காக்கா பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கலியாணப் பேச்சு மாதிரித்தான் நடந்தது. காக்கா வெட்டுகிற பக்கம். வெட்டினால் ஒரேயடியாக முடிந்தது, ஒரு மாதத்தில் கடைக்கு வந்துவிடலாம் என்றார். வெட்டின பிறகு மிச்சம் மீதி இருந்தால் கரண்டு பிடிக்கலாமாம், முதலில் கரண்டு பிடித்துவிட்டால் பிறகு வெட்டுவது கஷ்டமாம். கடைக்காரர் போடுகிற மாதிரிக் கணக்கு, பிழை சொல்ல ஏலாது. ஆனால் வெட்டினால் சிறுநீர் கட்டுப்படாமல் வடியும், சிலருக்குக் காலத்துக்கும் வடியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வந்ததும் மூத்த மரைக்காயர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முன் வரிசையில நிண்டு தொழுற மனிசன். உடுப்பில மூத்திரத்தோட எப்பிடிப் பள்ளிக்கு வாற? வுழு நிக்குமா?"

வுழு என்பது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் சுத்தமாவது. சிறுநீர் கசிந்தால் அது முறிந்துவிடும். உண்மைதான். ஆனால் நோயால் ஓயாமல் வடிகிறவனுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக வுழு செய்துகொண்டு தொழலாம் என்று சின்னப் பிள்ளையில் ஓதப் போன எனக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். இளைய மரைக்காயர் அதை மெதுவாகச் சொல்லியும் பார்த்தார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் முன்பு ஒருவருக்கு இதே சுரப்பியை வெட்டியிருந்தார்கள். அவர் கலியாண வீட்டில் கதவடியில் தனியாக உட்காருவார், சாப்பிட்டதும் எழும்பிப் போய்விடுவார். என் புருஷன் அவரைப் பார்த்தவர். அவருக்கு மார்க்கத் தீர்ப்பைவிட அந்தக் கதவடிதான் பயம்.

பிறகு குரலைத் தாழ்த்தி மற்ற விஷயத்துக்கு வந்தார்கள். ஆம்பிளைத்தனம். வெட்டினால் உடனே போகுமாம், கரண்டு பிடித்தால் உடனே போகாதாம், சிலருக்குப் போகாமலும் இருக்குமாம். இதையும் காக்காதான் சொன்னார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் போல ஒரு உணர்ச்சியுமில்லாமல். மூத்தவர் இருமினார். என் புருஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவு, வடிதல், வெட்டு, சூடு என்று அவருடைய அரைக்குக் கீழே உள்ளதையெல்லாம் விறாந்தையில் கடை பரப்பிவிட்டார்கள். பிள்ளை என்ற சொல்லை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் பின்னால் நின்று என் கணக்கைப் போட்டேன். வெட்டினால் இல்லாமல் போய்விடும், கரண்டு பிடித்தால் சாமான் உள்ளே இருக்கும். உள்ளே இருந்தால் பிள்ளைக்கு வழி இருக்கும். வேறு என்னத்தைத் தெரியும் எனக்கு? கரண்டுதான் என்று சபை முடிவெடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர்கள் வுழுவுக்காக எடுத்த முடிவு என் வயிற்றுக்கும் தோதாக வந்துவிட்டதே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். என்றாலும் டொக்டரிடம் வாயால் கேட்டுவிட வேண்டும். மறுநாள் காலை அவர் பைப்படியில் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இஞ்சருங்க, கரண்டு பிடிக்க முதல் டொக்டர்ட ஒண்டு கேக்கணும். மறுகா நமக்குப் புள்ள கிடைக்குமா எண்டு."

வாயைக் கொப்பளித்தார். ஓம், கேட்கத்தான் வேணும் என்றார். சிங்களத்தில் கதைக்கப்போவது காக்காதானே, காக்காவிடம் சொல்லிவையுங்கள் என்றேன். பாப்பம் என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருடைய பாப்பம் எனக்குத் தெரியும். இதை நம்பிக் குந்திக்கொண்டிருந்தால் சரிவராது என்று அன்றைக்கே காக்கா வீட்டுக்குப் போய் மதினியைப் பிடித்தேன். காக்காவிடம் நானே கேட்க ஏலாது, அவருடைய பொஞ்சாதி கேட்கலாம். மதினி முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லியும் விட்டார். அவர் மீது எனக்கு ஒரு குறையுமில்லை.

காக்காவும் அவரும் கொழும்புக்குப் போய் டொக்டரைக் கண்டுவிட்டு வந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றேன். காக்கா எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

"எல்லாம் கேட்டாச்சு. கரண்டு பிடிக்கிறதில ஒரு பயமுமில்ல. ஒண்டையும் யோசிக்காம துஆ செய்ங்க."

மதினியிடம், அதையும் கேட்டாராமா என்று கேட்டேன். எல்லாம் கேட்டாச்சு என்றாரே என்றார் மதினி. எனக்கும் போதுமாக இருந்தது. நோன்பு நேர்ந்தேன்.

அது வடக்கில் சண்டை முடிகிற காலம். கொழும்புக்குப் போகும் பாதையில் நாலைந்து இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் கிளறி, நடக்கவைத்துத்தான் ஏற்றுவார்கள். சிறுநீரை அடக்க முடியாத மனிதன் அந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்பான்? ஒதுங்கப் போகட்டா என்று கேட்டதற்கு ஒரு ஆமிப் பொடியன் துவக்கால் வரிசையைக் காட்டினானாம். நின்ற இடத்திலேயே நனைந்துவிட்டது. வெட்டினால் நனையும் என்று பயந்து கரண்டுக்குப் போனவர், போகிற வழியிலேயே ஊர் உலகம் பார்க்க நனைந்தார். மரைக்காயர்மார் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

கொழும்பில் மதினியின் சொந்தக்காரர் வீட்டில் காக்காவும் அவரும் தங்கினார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. அந்த நாளில் பெண்பிள்ளையைக் கொண்டு இழுபட ஏலாது என்றார் காக்கா. போனில்தான் கதை. வயிறு எரிகிறது, கழிவோடு இரத்தம் வருகிறது, சோறு இறங்கவில்லை என்பார். சண்டை முடிந்த அன்று கொழும்பு முழுக்க வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்களாம். இவர் முழு நாளும் கக்கூசுக்குள் இருந்தாராம். இங்கே பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பாண்டிருப்பு அக்கா அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. பிறகு வந்தபோது நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை. கீரையைத் தந்துவிட்டுப் போனார்.

அவர் வந்தார், மெலிந்து, கறுத்து. மெல்ல மெல்லத் தேறினார். உடுப்பு நனையவில்லை. முன் வரிசையில் நின்று தொழுதார். மூத்த மரைக்காயர் ஹவுளடியில் எல்லாருக்கும் கேட்க, நல்ல முடிவெடுத்தோம் என்று சொன்னாராம். நான் மாதம் மாதம் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உடம்பு தேறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்புவதே அருமையாகிவிட்டது, திரும்பினாலும் ஒன்றும் சரிவரவில்லை. அதையும் நோயின் களைப்பு என்றுதான் நினைத்தேன். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசல் பக்கம் போகமாட்டேன்.

அடுத்த வருஷம் டொக்டரிடம் காட்டப் போகிற முறை வந்தபோது காக்கா உம்றா செய்ய மக்காவுக்குப் போயிருந்தார். தனியாக அனுப்ப ஏலாது என்று நானே வெளிக்கிட்டேன். பாதை திறந்திருந்தது. ஒருத்தரும் இறக்கவில்லை.

டொக்டரம்மா சிங்களவர். என்னைவிடக் கொஞ்சம் மூப்பாக இருப்பார். கதிரையில் உட்காரச் சொல்லித் தமிழில்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடைந்த தமிழ், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மட்டக்களப்பில் வேலை செய்தபோது பழகினதாம். இத்தனை நாளும் சிங்களம் தெரிந்த காக்கா இல்லாமல் அந்த அறைக்குள் கதைக்கவே முடியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். இரத்தம் நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம் என்றார். நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டேன், எங்களுக்கு இனிப் பிள்ளை கிடைக்குமா என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் என் புருஷனைப் பார்த்தார். பிறகு என்னை.

"இனி இல்லை அம்மா. கரண்டு பிடிச்சாலும் இல்லை, வெட்டினாலும் இல்லை. அதுதான் தொடங்க முதல் நான் கேட்டேன், பிள்ளை வேணுமா எண்டு. வேணும் எண்டா முதல்ல விந்து எடுத்து ஐஸ்ல வைக்கலாம். கொழும்பில செய்ற இடம் இருக்கு. உங்கட அண்ணா சொன்னார், வேண்டாம், வயது போச்சு எண்டு."

இவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை என்றார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு தரம் கதைப்போம் என்றும் கேட்டாராம். அவ இவ்வளவு தூரம் வரமாட்டா என்று காக்கா சொல்லியிருக்கிறார். டொக்டரம்மா என் கையைத் தொட வந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் மீது என்ன பிழை? கேட்கவேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருத்திதான்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் முடி கொட்டிய ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் கேட்டது உங்களுக்கு விளங்கினதா என்று அவரிடம் கேட்டேன். விளங்கினது என்றார். பிடவைக் கடைக்காரருக்கு அவ்வளவு சிங்களம் விளங்காமல் போகுமா. அப்படியென்றால் ஏன் வாய் திறக்கவில்லை என்றேன். தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"ஒன்ட காக்காக்கு முன்னால நான் எப்பிடிச் சொல்ற, எனக்குப் புள்ள வேணும் எண்டு? இந்த வயசில?"

அவ்வளவுதான் காரணம். மூத்திரத்தைப் பற்றிக் கதைக்கலாம். ஆம்பிளைத்தனத்தை எடை போடலாம். இரண்டு மரைக்காயர்மாரும் ஒரு மச்சானும் சுற்றியிருந்து அவருடைய அரையைப் பங்கு போடலாம். என் பொஞ்சாதிக்கு ஒரு பிள்ளை கொடுக்க எனக்கு ஆசை என்று மட்டும் பொஞ்சாதியின் அண்ணனுக்கு முன்னால் சொல்லக்கூடாது. வெட்கம். அந்த வெட்கத்துக்கு நான் என் கருப்பையைக் கொடுத்திருக்கிறேன்.

காக்காவிடம் நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். உன் நன்மைக்குத்தான், அந்த மனிதன் எத்தனை நாளைக்கு இருப்பானோ, தகப்பனில்லாத ஒரு யத்தீமைப் பெற்று வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்பார். கெட்ட மனிதர் இல்லை. சுனாமியில் என் மகளின் மையித்தை அடையாளம் கண்டு தூக்கிவந்தவர் அவர்தான். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்று பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் இருந்தார். பஸ் மகியங்கனையைத் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் ஹயாத்தோட இரிக்கன்தானே புள்ள. அது ஒனக்குப் போதாதா?"

அவர் ஹயாத்தோடு, உயிரோடு இருக்கவேண்டும் என்று நான் கேட்காத துஆ இல்லை. அவர் மௌத்தாகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். மனிதன் இவ்வளவு வேதனைப்பட்டுத் தப்பி வந்து கேட்கிறார், போதும் என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

"போதாது" என்றேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் ஆறுதல் சொல்லவில்லை. கல்முனையில் இறங்கியதும் அவருக்கு அவசரம். பஸ் நிலையத்துக் கக்கூசுக்கு ஓடினார். நான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வெளியே காத்து நின்றேன்.